டிரையர் மேஸ்திரிக்குப் பின் யார்? டெல்டா அரிசி ஆலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் புழுங்கல் அரிசி ஆலை நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி வட்டாரத்து ஆலைகளில் நெடுங்காலம் கணக்கு எழுதி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வருங்கால வைப்பு நிதிப் படிவமும் பணிக்கொடைக் கணக்கும் கணக்கர் மேசையைத் தொடாமல் போவதில்லை ஆகையால், எந்த ஆலையில் யார் எப்போது வெளியேறுகிறார் என்பதை மற்றவர்களைவிடச் சற்று முன்பே நாங்கள் அறிவோம். நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கும் கலர் சார்ட்டரும் தொடுதிரையும் வந்துவிட்ட ஆலைகளில்கூட, நீராவி தரும் பாய்லரும் அவித்த நெல்லைக் காயவைக்கும் டிரையரும் இன்னும் இரண்டு மூன்று பேரின் கைப்பழக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். பணியாளர் ஓய்வூதியத் திட்டம் 58 வயதில் ஓய்வூதியம் தருகிறது. அந்த நாள் எதுவென்பது, அவர் வேலையில் சேர்ந்து பிறந்த தேதியை எழுதிக் கொடுத்த அன்றே ஆலைக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அடுத்தவர் யார் என்ற கேள்வி பிரிவுபசார விழா முடிந்த மறுநாள்தான் எழுகிறது.

மறுநாள் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்ததே. சால்வை போர்த்தி அனுப்பிய மனிதரை அடுத்த வாரமே ஆள் விட்டுக் கூப்பிட்டு, பெயரேட்டில் சேர்க்காமல் வவுச்சரில் தினக்கூலி போட்டு, அதே டிரையர் முன்னால் நிறுத்திவிடுகிறோம். இரு தரப்புக்கும் லாபம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தெரிந்தது தன்னிடம் மட்டும் இருக்கும்வரைதான் தன்னைக் கூப்பிடுவார்கள் என்பதை அவர் நன்றாகப் புரிந்துகொண்டவர். அதனால் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. குறை அவருடையதன்று, நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாட்டினுடையது.

அவரிடம் இருப்பது என்ன என்று கேட்பவர்களுக்காக டிரையரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊறி அவிந்து வரும் நெல்லில் ஈரப்பதம் ஏறத்தாழ 35 விழுக்காடு இருக்கும். அதை ஒரே மூச்சில் 14 விழுக்காட்டுக்கு இறக்கினால் மணி உள்ளுக்குள் வெடித்து, உமி நீக்கும் ஷெல்லரில் உடைந்து குருணையாகிவிடும். எனவே 18 விழுக்காடு வாக்கில் நிறுத்தி, சில மணி நேரம் கொட்டி ஆறவிட்டு, மறுபடியும் டிரையரில் ஏற்ற வேண்டும். இது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் டிரையரிலிருந்து சூடாக இறங்கும் நெல்லை ஈரப்பதம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டரில் போட்டால் அது காட்டும் எண்ணை நம்ப முடியாது; மேலே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும் மணி, ஆறியபின் அளந்தால் கூடுதலாகக் காட்டும். பழைய மேஸ்திரி மீட்டரைப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி உமி நீக்கி, நாலு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைகிறதா, சவ்வாக இழுக்கிறதா என்பதை வைத்து, ‘இன்னும் அரை மணி ஓடட்டும்’ என்பார். ஐப்பசி மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லுக்கும் தை மாதத்துச் சம்பாவுக்கும் அந்த அரை மணி ஒன்றாக இருப்பதில்லை, சி.ஆர். 1009 போன்ற தடித்த ரகத்துக்கும் பி.பி.டி. 5204 போன்ற சன்ன ரகத்துக்கும் ஊறல் நேரமே வேறு.

இதன் விலையையும் பார்த்துவிடலாம். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரைத்துக் கொடுக்கும் ஆலைகள் 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கல் அரிசி 68 கிலோ என்று கணக்குக் காட்டியாக வேண்டும். ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு 40 டன் நெல் அரைக்கும் ஆலையில், கைப்பழக்கம் இல்லாதவரிடம் டிரையரை விட்டதால் முழு அரிசி, நெல் எடையில் அரை விழுக்காடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 200 கிலோ; கிலோ 40 ரூபாய் என்றால் 8,000 ரூபாய். உடைந்தது குருணையாக விலை போகும் என்று பாதியைக் கழித்தாலும் 4,000 ரூபாய். மாதம் 18,000 ரூபாய் சம்பளத்தில் ஓர் இளைஞரை ஓராண்டு முழுவதும் மேஸ்திரியின் பக்கத்திலேயே நிறுத்தி வைக்க ஆகும் செலவு 2,16,000 ரூபாய். ஐம்பத்து நான்கு அரவை நாட்களின் இழப்பு அதற்குச் சமம். ‘இரண்டு ஆளுக்கு எதற்குச் சம்பளம்’ என்று கேட்கும் உரிமையாளர்கள் இந்தக் கணக்கைத் தம் ஆலையின் எண்களை வைத்துப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

பாய்லர் விஷயம் பணத்தோடு முடிவதில்லை. தகுதிச் சான்றிதழ் பெற்றவரின் பொறுப்பில்தான் பாய்லர் இயங்க வேண்டும் என்பது சட்டம்; அந்தச் சான்றிதழ் அனுபவக் காலத்தைக் காட்டித் தேர்வு எழுதிப் பெறுவது, அவசரத்துக்குக் கடையில் வாங்குவது அன்று. சான்றிதழ் ஓய்வு பெற்றவர் பெயரில் சுவரில் தொங்க, நேற்றுவரை உமி தள்ளிக்கொண்டிருந்தவர் நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை எந்த ஆலைக்கும் வரக் கூடாது. கண்ணாடியில் தெரியும் மட்டம் உண்மையான மட்டம்தானா என்று திறந்து விட்டுப் பார்க்கும் பழக்கமும், நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கு ஏற்ப, பாய்லரின் அடியில் உப்பு சேர்ந்து நிற்கும் அடிநீரை எப்போது வெளியேற்றுவது என்ற நிதானமும் ஒரு வார விளக்கத்தில் வந்துவிடாது.

ஆகவே ஓய்வுக்கு முந்தைய குறுவை, சம்பா இரண்டு பருவமும் அடுத்தவர் உடன் நிற்க வேண்டும். ஒரு பருவம் போதாது. காய்ந்த நெல்லில் மட்டும் பழகியவர் மழை நெல்லில் திணறுவார். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகள் தொழில் பழகுநர்களை வைத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் சொல்கிறது. சிறிய ஆலைகளும் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். நெல் பதனத்துக்கென்றே திருவாரூரில் தொடங்கிய ஆய்வு மையம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த இடத்தை நம் ஆலைகள் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதாக எனக்குத் தோன்றவில்லை.

உள்ளூர்ப் பையன்கள் வருவதில்லை என்ற புகாரில் உண்மை உண்டு. அதே சமயம், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து களத்திலும் மூட்டையிலும் வேலை செய்பவர்களில் சிலர் நான்கைந்து ஆண்டுகளாக ஒரே ஆலையில் இருக்கிறார்கள். ‘நாளைக்கே ஊருக்குப் போய்விடுவான்’ என்று அவர்களுக்குக் கைவேலை சொல்லித்தராமலே இருக்கிறோம். மேஸ்திரியாகும் வாய்ப்பும் அதற்கேற்ற சம்பளமும் கண்ணுக்குத் தெரிந்தால் தங்குபவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

ஓய்வு பெற்றவரைத் திரும்ப அழைப்பதை நான் எதிர்க்கவில்லை. எழுத்து மூலம் ஆறு மாதமோ ஓராண்டோ ஒப்பந்தம் போட்டு, பழைய சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, சொல்லித்தருபவராக அழையுங்கள். டிரையரை ஓட்டுவது இளையவராக இருக்கட்டும். பெரியவர் பக்கத்தில் நாற்காலியில் உட்காரட்டும். இளையவர் தனியாக ஓட்டத் தொடங்கும் மாதத்தில் பெரியவருக்கு ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதினால், மறைத்து வைப்பதற்கான காரணமும் போய்விடும்.

கடைசியாக ஒன்று. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் சேரும் பணிக்கொடையை 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘தொகையைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு வேலைக்கு வா’ என்று அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆளைத் தக்கவைப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகளில் பார்த்திருக்கிறேன். அந்தக் காசோலையைப் பிரிவுபசார நாளன்றே சால்வையோடு சேர்த்துக் கொடுங்கள்; திரும்ப அழைக்கும் பேச்சை அதன் பிறகு, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆலைக் கணக்கர்
மன்னார்குடி வட்டம்