தம்பிக்கு சர்டிபிகேட் எடுக்கது பத்தி

லே மக்கா,

உன் கடிதம் கெடச்சுது. இங்க எல்லாருக்கும் சொகம், மழை விடாம பெய்யதுனால ரப்பர் பால்வெட்டுதான் ஒழுங்கா நடக்கல.

தம்பிக்க மனநோய்க்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் எடுக்க என்ன கேப்பாங்கன்னு எழுதியிருந்த. அக்கா மவனுக்கு எடுக்கும்போ நான் கூட இருந்தேன், அதான் வெவரமா சொல்லுதேன். மனநோய்க்கு ஐடியாஸ்னு ஒரு அளவு உண்டு, நம்ம நாட்டு மனநல டாக்டர்மாரு சங்கம் உண்டாக்குனது. காதுல குரல் கேக்குதான்னு அதுல மார்க் கெடையாது. தன்ன கவனிச்சுக்கிடது, ஆளுகளோட பழகது, பேசிப் புரிஞ்சுக்கிடது, வேல, இந்த நாலுக்கும் 0ல இருந்து 4 வர போடுவாங்க, சீக்கு எத்தன வருசமா இருக்குன்னு பாத்து அதுக்கும் 4 வர, ஆகமொத்தம் 20. கஷ்டம் கூடக்கூட மார்க் கூடும், 7 வந்தாத்தான் 40 சதவீதம் ஊனம்னு எழுதுவாங்க.

டாக்டர் "தானா குளிப்பானா"ன்னு கேட்டதும் அக்கா டக்குனு "குளிப்பான் சார்"னுட்டா. வெந்நி போட்டு, தோர்த்து எடுத்துக் குடுத்து, போ மக்களே போ மக்களேன்னு காலையில இருந்து கெஞ்சி அனுப்புறது அவதான், ஆனா தெனமும் செய்யதுனால அது அவளுக்கு ஒரு வேலையாவே தோணல, மவன் முன்னாடி அவன கொறச்சு சொல்லவும் மனசு வரல. "நீங்க ரெண்டு நாள் வீட்டுல இல்லன்னா?"ன்னு அவரு கேட்டாரு பாரு, அப்பம்தான் அழுதுட்டா. நல்ல டாக்டரு.

மாத்திரையில குரல் எல்லாம் அடங்கிட்டு, ஆனாலும் பையனால வெட்டுக்குப் போக முடியல, நாலு மரம் வெட்டுனதும் அப்படியே நின்னுருவான். நோய் அடங்குறதும் வாழ்க்கை திரும்புறதும் வேற வேற மக்கா. அமெரிக்க மனநல டாக்டர்மாரு இந்த ரெண்டையும் கலந்து 100க்கு ஒரே மார்க்கா போட்டுட்டு இருந்தாங்க, 2013ல அத எடுத்துட்டாங்க, செய்ய வேண்டிய காரியந்தான்.

உலக சுகாதார நிறுவனத்துக்க 12 கேள்வி உள்ள தாள் ஒண்ணு உண்டு, போன 30 நாள்ல தெரியாத ஆளுகிட்ட பேச, பத்து நிமிசம் ஒரு காரியத்துல மனச வைக்க, வீட்டுப் பொறுப்பப் பாக்க எவ்வளவு கஷ்டமா இருந்துன்னு கேக்கது. அத தம்பிகிட்டயே கேளு, அவனுக்கும் சொல்ல இருக்கும்லா. அவன் சொல்லதும் நீ நெனைக்கதும் ஒத்து வராட்டா ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லு. கூட்டியும் சொல்லாத, மறைச்சும் சொல்லாத.

பழைய ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் எடுத்து வை, சீக்கு தொடங்குன வருசம் அதுல இருக்கும். அம்மையையும் கூட்டிட்டுப் போ, அவதான அவனுக்கு எல்லாம் பாக்கா. தேதி வந்ததும் போன் போடு, நானும் வாறேன்.