பலாலிக்கு 22 நிமிடமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு வானூர்தியில் 22 நிமிடம் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. தூரத்தை மணிக்கு 800 கிலோமீற்றரால் வகுத்தால் அந்த விடைதான் வரும். அது பெரிய ஜெட் விமானம் உயரத்தில் போகும் வேகம். நம்முடைய ஓடுபாதையின் நீளம் அந்த விமானங்களுக்குப் போதாது.

இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 290 கி.மீ. விமானிகள் இதை 157 கடல் மைல் என்பார்கள். இந்த 157ஐச் சாதாரண மைல் என்று எண்ணி 1.6ஆல் பெருக்கினால் 251 வரும், 40 கி.மீ. காணாமல் போய்விடும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

உள்நாட்டுப் பறப்புக்குப் பழக்கமான, ஒற்றை இயந்திரச் சிறு விமானமான செஸ்னா கரவன் மணிக்குச் சுமார் 165 கடல் மைல் ஓடும். அந்த வேகத்தில் பலாலிக்கு 57 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக, மேலெழ, இறங்குமுன் வட்டமடிக்க இன்னுமொரு 10, 12 நிமிடம் போகும். ஆக 70 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். இரட்டை இயந்திர ஏ.டி.ஆர். என்றால் 50க்குள் முடியும்.

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள இரத்மலானை விமான நிலையத்துக்குத் தூரம் குறைவு: 220 கி.மீ., அதாவது 119 கடல் மைல். ஆனால் சிக்கல் அங்கேதான் அதிகம். பலாலிப் பாதை திருகோணமலைக்கு மேற்கே சென்று கிளிநொச்சியைத் தாண்டும் சமவெளி. வாடையும் (வடகிழக்குக் காற்று) கச்சானும் (தென்மேற்குக் காற்று) அதற்குப் பெரும்பாலும் பக்கத்திலிருந்து அடிப்பதால் போகவும் வரவும் நேரம் அவ்வளவாக மாறாது. இரத்மலானைக் கோடோ ஏறக்குறையக் காற்றின் திசையிலேயே கிடக்கிறது. கச்சான் காலத்தில் மேலே 20 கடல் மைல் வேகக் காற்று இருந்தால், கரவனில் அங்கிருந்து இங்கு வர 39 நிமிடம், இங்கிருந்து அங்கு போக 49. வாடைக்கு இது தலைகீழ். ஒரே விமானம், ஒரே பாதை, பத்து நிமிட வித்தியாசம்! பயணிகள் விமானியைக் குறை சொல்வார்கள்.

மலையும் இருக்கிறது. அந்தக் கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே, விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி, மகியங்கனைப் பக்கமாக வருகிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் அங்கே இடிமுகில் குவியும். சிறிய விமானம் அதற்குள் நுழையக்கூடாது. தம்புள்ளைப் பக்கமாகச் சுற்றினால் 36 கி.மீ. கூடும், 7 நிமிடம் பிந்தும். காலைப் பறப்பு நல்லது என்பது இதனால்தான்.

தரையில் செலவாகும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நம்முடைய விமான நிலையம் இருக்கும் திமிலைதீவிலிருந்து நகருக்குள் வரச் சில நிமிடம்தான். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு இன்னும் 16 கி.மீ. இரத்மலானையில் இறங்கிக் கொழும்புக் கோட்டைக்குப் போகிறவர், காலி வீதி நெரிசலில் பறந்த நேரத்தையே மறுபடி செலவழிக்கவும் கூடும்.

எனவே தங்கள் பத்திரிகையில் பயண நேரம் அச்சிடும்போது, எந்த வகை விமானம், சக்கரம் அசைந்ததிலிருந்து நிற்கும் வரையா அல்லது வானில் இருக்கும் நேரம் மட்டுமா என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். கடல் மைலைக் கிலோமீற்றராக மாற்றியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
மட்டக்களப்பு.