பிளாஸ்க் மூடி என்னிடம் இருக்கிறது, அம்மா

புரூக்ளினில் டிசம்பர் மாத வெள்ளிக்கிழமை. மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவியான எனக்கு அறுவை சிகிச்சைப் பிரிவில் நான்காவது வாரம். விடியற்காலை 5 மணிக்கு ரவுண்ட்ஸ். அப்புறம் பகல் முழுக்க, அறுத்த இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டர் கருவியை இழுத்துப் பிடித்தபடி நின்றேன். மதியம் 3 மணிக்கு வராந்தா சுவரில் சாய்ந்தபோது கண் இருட்டியது.

முன்பின் தெரியாத நீங்கள் எதுவும் விசாரிக்கவில்லை, அம்மா. கையைப் பிடித்து, யூத நோயாளிகளின் குடும்பத்தினருக்கான 'பிக்கூர் ஹோலிம்' அறைக்குக் கூட்டிப்போனீர்கள். நான் யூதப் பெண் இல்லை என்றேன். "ஆறிப்போகும், சாப்பிடு" என்றீர்கள்.

பிளாஸ்கைத் திறந்ததும் சதகுப்பை வாசம். கோழி சூப்பில் இரண்டு மட்சா உருண்டைகள். புளிக்காத மட்சா ரொட்டியைப் பொடித்து, முட்டையும் கோழிக்கொழுப்பும் சேர்த்து உருட்டியவை. ஸ்பூன் பட்டதும் உடைந்தன. என் பால் காபியை மெல்ல அடுத்த மேசைக்கு நகர்த்தி வைத்தீர்கள். யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பால் சேரக் கூடாது என்பது எனக்கு வெகு நேரம் கழித்துத்தான் உறைத்தது. மன்னியுங்கள்.

நாலரைக்கெல்லாம் சூரியன் மறையும் மாதம். அதற்கு 18 நிமிடம் முன்பே வீட்டில், யூதர்களின் வார ஓய்வுநாளான சபாத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்கான, இரவு முழுக்க மெல்ல வேகும் சோலெண்ட் குழம்பும் அதற்குள் அடுப்பேறியாக வேண்டும். பிறகு நெருப்பு மூட்ட முடியாது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றீர்கள். ஆனாலும் கிண்ணம் காலியாகும்வரை நகரவில்லை.

பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். பச்சைக் கம்பளித் தொப்பி போட்டிருந்தீர்கள். உங்கள் பிளாஸ்க் மூடி என் வெள்ளைக் கோட் பையோடு வந்துவிட்டது. வரும் வெள்ளி மதியம் அதே அறை வாசலில் நிற்பேன்.