வெப்பம் கொடுங்கள், வெளிச்சம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலக் கோழிப் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். கூடு ஈரமில்லாமல் இருக்க வேண்டும், குடிதண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் சரி. ஆனால் இரவு முழுக்க ஒரு பல்பு எரியட்டும், கோழிக்குச் சூடும் கிடைக்கும், முட்டையும் நிற்காது என்று எழுதியிருந்ததை என்னால் அப்படியே விட முடியவில்லை. அதே யோசனையைப் போன வருஷம் யாரோ சொல்லக் கேட்டு, செய்து, ஒரு கோழியை இழந்தவள் நான்.

அப்போது என்னிடம் 9 கோழிகள் இருந்தன. அதில் மூன்று விடைக்கோழிகள், அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் கோழிகள். நாலு மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, உடம்பு இன்னும் தேறவில்லை. பல்பு போட்ட சில வாரத்தில் அதில் ஒன்று, கருப்பி என்று கூப்பிடுவோம், முட்டையிடத் தொடங்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஐந்தாவது முட்டை கை நிறைய இருந்தது. உடைத்துப் பார்த்தால் இரட்டைக் கரு. அன்று சாயங்காலம் கூட்டை அடைக்கப் போனால், மற்றக் கோழிகள் எல்லாம் கருப்பியின் பின்னால் கூடி நின்று கொத்திக்கொண்டிருந்தன. நான் தூக்கும்போதே அதற்குக் கழுத்து நிற்கவில்லை.

கோழியின் பின்பக்கத்தில் இப்படிச் சதை வெளியே வந்து நின்றால், குடல் தள்ளிவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் வெளியே வருவது குடல் இல்லை, முட்டைக்குழாயின் கடைசிப் பகுதி. ஒவ்வொரு முட்டை வரும்போதும் அது கொஞ்சம் வெளியே பிதுங்கி, முட்டையில் எச்சம் படாமல் இறக்கிவிட்டு, உடனே உள்ளே போய்விடும். வளராத உடம்பில் பெரிய முட்டை வந்தாலோ, கோழி கொழுத்திருந்தாலோ, கால்சியம் குறைந்து தசை தளர்ந்திருந்தாலோ, போகாமல் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தச் சிவப்பு மற்றக் கோழிகளின் கண்ணில் பட்டால் அப்புறம் அவற்றைத் தடுக்க முடியாது. கொத்திக் கொத்திக் குடலையே இழுத்துவிடும்.

இந்தக் குளிருக்கு நான் பல்பு போடவில்லை. ஆனாலும் என்னிடம் இருக்கும் மூன்று வயதுச் செவலைக் கோழி அவ்வப்போது முட்டையிட்டுக்கொண்டிருந்தது. தீனி அதிகமாகி உடம்பும் கனத்திருந்தது. ஒரு நாள் காலை, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஐஸ் படிந்திருந்த குளிரில், அது வாலைத் தாழ்த்தி மூலையில் நின்றது. தூக்கிப் பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில், ஈரமாக, சிவப்பாக, வைக்கோல் துணுக்கும் எச்சமும் ஒட்டிக்கொண்டு வெளியே தொங்கியது. இந்த முறை மற்றக் கோழிகள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

உடனே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, கரைத்துக்கொண்டேன். மணிக்கட்டில் விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. என் மகள் கோழியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கோழியை முழுசாக முக்கவில்லை, பின்பக்கம் மட்டும்தான் கால் மணி நேரம் தண்ணீரில். குளிரில் இது முக்கியம். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. இறகுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் அதைக் காப்பாற்றுகிறது. இறகு நனைந்தால் அந்தப் போர்வையே இல்லை.

அழுக்கு ஊறித் தானாகக் கழன்றது. தேய்க்கவே கூடாது, அந்தச் சவ்வு அவ்வளவு மெல்லியது. வீக்கம் மட்டும் இறங்கவில்லை. பொடித்த சர்க்கரையை அதன் மேல் தூவிப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். சர்க்கரை நீரை வெளியே இழுத்துவிடுவதால் கண் முன்னாலேயே சுருங்கியது. பிறகு அதை உப்புத்தண்ணீரால் கழுவிவிட்டேன். உள்ளே முட்டை ஏதாவது நிற்கிறதா என்று வயிற்றை மெதுவாகத் தடவியும் பார்த்தேன். முட்டை இருந்தால் உள்ளே தள்ளக் கூடாது, அது முதலில் வெளியே வர வேண்டும்.

கையுறை போட்டு, மருந்துக்கடையில் விற்கும் வழவழப்பான ஜெல்லைத் தடவி, நடுவிலிருந்து ஒரே விரலால் மெல்ல மெல்ல உள்ளே அனுப்பினேன். கோழி முக்கும்போது நான் அழுத்தவில்லை, அது மூச்சு விட்டுத் தளரும்போது மட்டும்தான் அழுத்தினேன். போனதும் விரலை எடுக்காமல் ஐந்து நிமிஷம் அப்படியே வைத்திருந்தேன். விரலைச் சுற்றித் தசை இறுகுவது தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் எச்சம் போட முக்கியபோது மறுபடி வெளியே வந்துவிட்டது. மறுபடி கழுவி, மறுபடி தள்ளினேன். அப்புறம் நின்றது. மனிதர்களுக்கான மரத்துப்போகச் செய்யும் களிம்பு எதையும் தடவ வேண்டாம், பறவைகளுக்கு அது விஷமாகலாம்.

நேரம் அதிகம் பிடித்தது இதில் இல்லை, காயவைப்பதில்தான். துண்டால் ஒற்றி எடுத்த பிறகு மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது. விரலால் இறகை விலக்கிப் பார்த்தால், அடியில் இருக்கும் பஞ்சு போன்ற தூவி கயிறு கயிறாகத் தோலோடு ஒட்டிக் கிடந்தது. முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பகுதி பகுதியாக விலக்கி உலர்த்தினோம். முக்கால் மணி நேரம் ஆனது. செவலை நடுவிலேயே மகளின் மடியில் தூங்கிவிட்டது.

எல்லோரும் தடுமாறும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. நனைந்து ஓய்ந்த கோழிக்குச் சூடு வேண்டும், உடனே கை பல்பைத் தேடும். ஆனால் இந்தச் சமயத்தில் அதற்கு ஆகாதது வெளிச்சம்தான். ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் பட்டால் கோழியின் உடம்பு முட்டையிடத் தூண்டப்படுகிறது. ஒரு முட்டை உருவாகி வர ஏறக்குறைய 25 மணி நேரம். இன்று உள்ளே தள்ளியதை நாளைய முட்டை வெளியே கொண்டுவந்துவிடும். முட்டை நின்றால்தான் தசைக்கு ஓய்வு. சிவப்பு பல்பு என்றால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கோழி கண்ணால் மட்டும் வெளிச்சத்தை அறிவதில்லை. மண்டையோட்டைத் தாண்டி வரும் ஒளியை மூளையே நேராக உணர்கிறது, சிவப்பு ஒளிதான் அதில் நன்றாக ஊடுருவும்.

நான் செய்தது இதுதான். பெரிய அட்டைப்பெட்டியில் சுத்தமான பழைய துணி. ஒரு ஓரத்தில் மட்டும், துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை. சூடு அதிகம் என்று தோன்றினால் கோழி தள்ளிப்போய் உட்கார அடுத்த ஓரம் காலியாக இருக்க வேண்டும். காற்று போகும்படி மேலே போர்வை. ஒரு நாளில் 8 மணி நேரம் மட்டும் மங்கிய வெளிச்சம், மற்ற நேரம் இருட்டு. உருவாகத் தொடங்கிவிட்ட முட்டையை இருட்டு நிறுத்தாது என்பதால் மறுநாள் பக்கத்திலேயே இருந்தேன். முட்டை வந்தது. கொஞ்சம் பிதுங்கியது, கழுவி உள்ளே அனுப்பினேன். நாலாவது நாளிலிருந்து முட்டை இல்லை.

ஒரு நாள் பட்டினி போடச் சொல்பவர்கள் உண்டு. குளிரில் நான் அதற்குச் சம்மதிக்கவில்லை, தீனி செரிக்கும்போதும் அதன் உடம்பில் சூடு பிறக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி, வெதுவெதுப்பான தண்ணீர், தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள். தண்ணீர் முக்கியம், அது குறைந்தால் எச்சம் இறுகும், முக்கும், மறுபடி தள்ளும்.

வெளியே வந்த பகுதி கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால், கிழிந்து ரத்தம் வந்தால், எத்தனை முறை தள்ளினாலும் நிற்காவிட்டால், வீட்டில் நேரத்தைக் கடத்த வேண்டாம். கால்நடை மருத்துவர் சுருக்குப்பை வாயை இழுப்பது போல ஒரு தையல் போட்டுச் சில நாளில் பிரித்துவிடுவார். போகும் வழியில் அந்தப் பகுதி காயாமல், உப்புத்தண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடம் நனையக் கூடாது.

செவலையைப் பத்து நாள் வீட்டுக்குள் வைத்திருந்தேன். நேரே கூட்டுக்கு அனுப்பவில்லை. உள்ளேயே இருந்து பழகியதைத் திடீரென்று உறைபனியில் விட முடியாது. நாலு நாள் சூடில்லாத பின்கட்டில் இருந்தது. அதற்குப் பிறகு கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் மற்றவை. இப்போது எல்லாம் சேர்ந்துதான் இரவில் பரணில் உட்காருகின்றன. ஒரு முறை தள்ளிய கோழிக்கு மறுபடி தள்ள வாய்ப்பு அதிகம் என்பதால், பகல் நீளத் தொடங்கியதும் தினமும் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஈரமும் ஊதல் காற்றும் இல்லாத கூடாக இருந்தால், நலமாக உள்ள வளர்ந்த கோழிக்குத் தனியாகச் சூடே தேவையில்லை. காய்ந்த வைக்கோலுக்கு மேல் சூட்டு பல்பு தொங்கினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அடுத்த முறை அந்தக் குறிப்பை வெளியிடும்போது இரவு பல்பு பற்றிய வரியை எடுத்துவிட்டு, விடைக்கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். குளிர் தொடங்குவதற்கு முன்பே வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் ஒரு வாசகி