செவிலியர் அம்மாவுக்கு நன்றி

பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. மன்னார்குடிப் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் அம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் பின் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும், இனி ஊசியே வேண்டாம் என்று நின்றார் என் தங்கை வீட்டுக்காரர். குறுவை நடவு மும்முரத்தில், வயலுக்கே தேடி வந்தீர்கள். அதட்டவில்லை. வரப்பில் உட்கார்ந்து தடுப்பூசி அட்டையை விரித்து, தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினீர்கள். ஓரிரு நாள் காய்ச்சல் வழக்கம்தான். வலிப்போ ஓயாத அழுகையோ இருந்தால் உடனே வாருங்கள் என்றீர்கள். பயந்த தகப்பனிடம் இப்படித்தான் பேச வேண்டும். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப் வதந்திகள் எத்தனை பெற்றோரைக் கலங்கடித்தன!

10, 14ஆம் வார ஊசிகள் போட்டாயிற்று. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கும் வருகிறோம், அம்மா.