ஏவுகணைப் படகு பற்றி நீ கேட்டதற்கு

அரக்கோணம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவள் சிஎம்சி-யில் வேலைக்குச் சேர்ந்த சேதியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே கத்திரி முடிந்தும் வெயில் குறைந்தபாடில்லை. உங்கள் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கொரு பட்டாளத்துக்காரர் இருந்தும், கடல் விஷயம் என்றதும் கேள்வியை என் பக்கம் தள்ளிவிட்டாய். தென்சீனக் கடலில் இவ்வளவு உரசல் நடக்கிறதே, ஆளுக்குப் பத்து ஏவுகணைப் படகை அங்குள்ள பவளத் திட்டுகளைச் சுற்றி நிறுத்தினால் போதாதா, செலவும் குறைவுதானே என்று கேட்கிறாய்.

நிறுத்தலாம். நின்று அது என்ன செய்யும்? வரப்புத் தகராறுக்கு யாரும் நாட்டு வெடியை எடுத்துக்கொண்டு போவதில்லை. நாலு ஆளோடு போய் நாள் முழுக்க நிற்கிறார்கள். கடலிலும் அதே கதைதான். சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கொண்டாடும் ஸ்கார்பரோ திட்டிலும் இரண்டாம் தாமஸ் திட்டிலும் முட்டி மோதுவது வெள்ளை பூசிய கடலோரக் காவல் கப்பல்கள், தண்ணீர் பீரங்கி, மீன்பிடிப் படகு வேடத்தில் வரும் துணைப்படை. சீனாவிடம் எட்டு ஏவுகணை தாங்கும் டைப் 022 படகுகள் 80-க்கு மேல் கட்டப்பட்டன. ஆனால் அந்தச் சண்டைகளில் முன்னால் வந்து நிற்பது 5901 என்ற எண்ணுள்ள 12,000 டன் காவல் கப்பல் மாதிரியானவைதான். இடிக்கக் கனமும் எஃகு உடலும் வேண்டும், வாரக்கணக்கில் நிற்கச் சோறும் தண்ணீரும் எண்ணெயும் வேண்டும். ஏவுகணைப் படகில் இவை எதுவுமே இல்லை. அதன் கையில் இருப்பது இரண்டே வழி: பேசாமல் இருப்பது, அல்லது ஏவுகணையை விட்டுப் போரைத் தொடங்குவது. இடையில் படியே கிடையாது. பாகிஸ்தானோடு நமக்குத் தகராறு உள்ள குஜராத்தின் சர் கிரீக்கிலும் தினசரி ரோந்து எல்லைப் பாதுகாப்புப் படையின் படகுகளுடையதுதான்.

சோவியத்திடம் நாம் வாங்கிய ஓசா வகை ஏவுகணைப் படகையே எடுத்துக்கொள். நீளம் 39 மீட்டருக்குள், எடை 200 டன்னைச் சற்றுத் தாண்டும், நான்கு ஸ்டிக்ஸ் ஏவுகணை. ஒவ்வொன்றும் இரண்டரை டன் அளவு. மூன்று எம்503 டீசல் எஞ்சின், ஒவ்வொன்றிலும் நட்சத்திர வடிவில் 42 சிலிண்டர், மூன்றும் சேர்ந்து 12,000 குதிரைத்திறன். 38 நாட் (மணிக்குச் சுமார் 70 கி.மீ.) வேகம் தரும், ஆனால் சில நூறு மணி நேரம் ஓடினாலே பிரித்து மேய வேண்டியிருக்கும். ஸ்டிக்ஸ் திரவ எரிபொருளில் ஓடுவது. கூடவே நைட்ரிக் அமிலம் சார்ந்த திரவம். நிரப்பி வைத்தால் உலோகத்தை அரிக்கும், மாதக்கணக்கில் அப்படியே விட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது இந்த அளவுப் படகில் ஏவுதளம் நிலைகொள்ளாது. 1971 போரில் கராச்சி மீது நம் தாக்குதல் டிசம்பரில் நடந்தது நமக்கு வசதி, அப்போது கடல் அமைதி.

அப்படியானால் எதற்குத்தான் இது? முதல் அடிக்கு. 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தின் கோமார் வகைச் சிறு ஏவுகணைப் படகுகள் போர்ட் செய்த் துறைமுகத்தை ஒட்டி இருந்தபடியே ஸ்டிக்ஸை விட்டு இஸ்ரேலின் ஐலாட் நாசகாரியை மூழ்கடித்தன. 70 டன்கூட இல்லாத படகு, 1,700 டன் கப்பல், 47 பேர் சாவு. 1971 டிசம்பர் 4 இரவு நம்முடைய ஓசா படகுகள் நிபட், நிர்கட், வீர் மூன்றும் கராச்சிக்குப் போயின. சொந்தக் கரையைக் காக்கவென்று சோவியத்துகள் செய்த படகு அது. அவ்வளவு தூரம் தாங்காது என்பதால் பெரிய கப்பல்களால் இழுத்துப் போனார்கள், கூடவே கில்டன், கட்சால் என்ற இரண்டு கப்பல்கள். பாகிஸ்தானின் கைபர் நாசகாரி மூழ்கியது. பாய்ந்து வந்த ஏவுகணையை விமானம் என்று நினைத்து அதன் ஆட்கள் பீரங்கியால் சுட்டார்கள். நான்கு நாள் கழித்து வினாஷ் நான்கு ஏவுகணை விட்டு கேமாரி எண்ணெய்க் கிடங்கைக் கொளுத்தியது.

இந்த வெற்றிக் கதைகளில் ஒரு பாதியை யாரும் சொல்வதில்லை. படகு எதைப் பார்த்துச் சுட்டது? பூமி உருண்டை, ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கணக்கு எளிது: ரேடாரின் உயரம், இலக்கின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு கூட்டி 4.12-ஆல் பெருக்கு. கிலோமீட்டரில் தூரம் வரும். படகின் ரேடார் 10 மீட்டர், எதிரிக் கப்பலின் உச்சிக் கம்பம் 25 மீட்டர் என்றால் 34 கி.மீ.க்குள் முடிந்துவிட்டது. கடல்மேல் ஈரக்காற்று அலையை வளைத்து அதற்கு அப்பாலும் காட்டும் நாள்கள் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. இன்றைய ஏவுகணையோ 120, 180 கி.மீ. பறக்கிறது. கை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கண்ணுக்கு எட்டுவதில்லை.

120 கி.மீ. தாண்ட ஒலிக்குக் குறைந்த வேக ஏவுகணைக்கு ஏழு நிமிடம் பிடிக்கும். அதற்குள் 25 நாட் வேகத்தில் ஓடும் கப்பல் ஐந்து கி.மீ. நகர்ந்திருக்கும். ஆகவே ஏவுகணையின் மூக்கிலுள்ள தேடும் ரேடாரை எந்த இடத்தில் விழிக்க வைப்பது என்று முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். சீக்கிரம் விழித்தால் வழியில் தென்படும் முதல் சரக்குக் கப்பலைப் பிடிக்கும், தாமதமாக விழித்தால் இலக்கு அதன் பார்வைக்கு வெளியே போயிருக்கும். உரிமைத் தகராறு உள்ள கடலில்தான் மீன்பிடிப் படகும் சரக்குக் கப்பலும் நெருக்கியடிக்கும் என்பதை நினைத்துக்கொள். கராச்சியிலேயே வீனஸ் சேலஞ்சர் என்ற சரக்குக் கப்பலும், இரண்டாம் முறை பனாமா கொடி பறந்த ஒரு கப்பலும் மூழ்கின. பாகிஸ்தான் விமானப்படை தன் சொந்த சுல்ஃபிகார் கப்பலையே நம் ஏவுகணைப் படகென்று நினைத்துத் தாக்கியது. 2016 ஜூலை 1 அன்று தைவானின் சின் சியாங் ரோந்துக் கப்பலில் பயிற்சி முறைக்கு மாற்றாமல் போர் முறையிலேயே விட்டதால் சியுங் ஃபெங் 3 ஏவுகணை கிளம்பி ஒரு மீன்பிடிப் படகைத் துளைத்தது, அதன் தலைவர் இறந்தார். குண்டு வெடிக்காததாலும் சீனாவுக்கும் தைவானுக்கும் இடையிலான நீரிணையின் நடுக்கோட்டைத் தாண்டாததாலும் பெரிய விபரீதம் தப்பியது.

ஆகவே கண் வேறு எங்காவது இருக்க வேண்டும். உயரத்தில். எங்கள் ஊர் ராஜாளி கடற்படை விமானத் தளம் 1992-ல் தொடங்கியது. டியூ-142 போய் இப்போது பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்கள் இருக்கின்றன. ஒன்பது கி.மீ. உயரத்திலிருந்து அதே கணக்கைப் போட்டுப் பார், 400 கி.மீ. வரும். கடலோரமே இல்லாத இந்த ஊரிலிருந்து கிளம்பும் விமானம் சொல்லாவிட்டால் கடலில் நிற்கும் படகு பாதிக் குருடு. எதிரிக்கும் இதே வசதி உண்டு என்பதுதான் படகுக்குச் சாபம்.

தற்காப்புக்கு வருகிறேன். கப்பலின் ரேடார் 25 மீட்டரில், ஏவுகணை தண்ணீருக்கு 5 மீட்டர் மேலே வருகிறது என்றால் 30 கி.மீ.யில்தான் தெரியும், கையில் இருப்பது சுமார் 100 வினாடி. பிரம்மோஸ் மாதிரி ஒலியைவிட வேகமானது என்றால் முப்பது, நாற்பது வினாடி. 1973 அக்டோபரில் சிரியாவின் லடாக்கியா துறைமுகத்துக்கு வெளியே இஸ்ரேல் படகுகளும் சிரியாப் படகுகளும் மோதின. சிரியாவின் ஸ்டிக்ஸ் 45 கி.மீ. பாயும், இஸ்ரேலின் கேப்ரியல் 20 கி.மீ.தான். இடைப்பட்ட 25 கி.மீ.யை இஸ்ரேல் படகுகள் சாஃப் தூவியும் ரேடாரைக் குழப்பியும் கடந்தன. சாஃப் என்பது உலோகம் பூசிய மெல்லிய இழை. எதிரி அலைநீளத்தில் பாதி நீளத்துக்கு நறுக்கியது, 3 செ.மீ. அலைக்கு 1.5 செ.மீ. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் தூவி, உடனே அந்த மேகத்திலிருந்து படகை விலக்க வேண்டும். விலகாமல் அதற்குள்ளேயே நின்றால், மேகத்தைத் தேடி வரும் ஏவுகணை உன்னையும் கண்டுகொள்ளும். அன்று சிரியாவின் ஐந்து கப்பல்கள் மூழ்கின, இஸ்ரேலுக்கு ஒன்றும் இல்லை.

விமானத்துக்கு எதிராக இந்தச் சாமர்த்தியம் செல்லாது. 1991 வளைகுடாப் போரில் குவைத்தின் புபியான் தீவருகே ஈராக்கின் படகுகளை பிரிட்டனின் லிங்ஸ் ஹெலிகாப்டர்கள் சீ ஸ்குவா ஏவுகணையால் வேட்டையாடின. எட்டிச் சுட வேண்டிய ஆயுதம் அந்தப் படகுகளில் இல்லை.

2024 பிப்ரவரி 1 அன்று கிரிமியாவில் ரஷ்யாவின் இவானோவெட்ஸ் ஏவுகணைக் கப்பலை உக்ரைனின் மகுரா ஆளில்லாப் படகுகள் மூழ்கடித்தன. அது நம் பிற்கால வீர் வகைக்கு (1971-ல் போன வீர் வேறு) நெருங்கிய சொந்தம், இரண்டுமே சோவியத்தின் 1241 வரிசை. பெரிய கப்பலுக்கு எதிராகச் சின்னப் படகு செய்ததை, அதைவிடச் சின்னது இதற்குச் செய்துவிட்டது.

பிறகு ஏன் கொச்சி கப்பல் கட்டும் தளத்திடம் 2023 மார்ச்சில் 9,805 கோடிக்கு ஆறு புது ஏவுகணைக் கலங்கள் கேட்டோம் என்பாய். இவை ஓசாவைப்போலச் சிறு படகல்ல, தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும் கப்பல்கள். பிலிப்பைன்ஸ் 2024 ஏப்ரலில் நம்மிடம் பெறத் தொடங்கிய பிரம்மோஸோ லாரி மேல் நிற்பது: கரையில் ஒளியலாம், மூழ்காது, பருவக்காற்று பாதிக்காது. திட்டைச் சுற்றி நிறுத்த உன்னிடம் காசு இருந்தால் முதலில் கனமான காவல் கப்பலும் அதற்கு மேலே ஒரு விமானமும் வாங்கு. ஏவுகணையைக் கரையிலே வை. படகு கடைசி.

அன்புடன்,
கோபால்