வண்டியில் நீங்கள் கேட்ட கேள்வி

தம்பி,

அன்று இரவு எங்கள் ஆம்புலன்ஸ் வண்டியில் மூன்று தடவை கேட்டீங்க, "அண்ணே, அப்பாவுக்கு உயிர் இருக்கா?" நான் வாயைத் திறக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின், "மூச்சு இருந்தப்பதானே ஏத்துனோம், ஆம்புலன்ஸ்காரங்க விட்டுட்டாங்க" என்று நீங்கள் சொன்னது என் காதுக்கும் வந்தது.

நீங்கள் பார்த்தது மூச்சு இல்லை. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களுக்குச் சிலருக்கு, கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடும். அதை நாங்கள் மூச்சுக் கணக்கில் சேர்ப்பதில்லை. குரல்வளைக்குப் பக்கத்தில் இரண்டு விரல் வைத்து பத்து விநாடி பார்த்தேன், நாடி இல்லை. உங்க சித்தப்பா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "துடிக்குது" என்றார். பதற்றத்தில் நம் விரல் துடிப்பே நமக்குத் தெரியும்.

பிறகு ஏன் அங்கேயே சொல்லவில்லை? கட்டுவிரியன் கடித்தவர்களை ஏற்றியிருக்கிறேன். இமை தூக்க முடியாது, கைகால் அசையாது, டார்ச் அடித்தால் கண்மணிகூடச் சுருங்காது. ஊரே ஒப்பாரி வைக்கும். வென்டிலேட்டரில் போட்டால் பலர் சில நாளில் எழுந்து உட்காருவார்கள். நார்வேயில் 1999-இல் ஆன்னா போகன்ஹோல்ம் என்ற டாக்டர் பனிக்கட்டிக்கு அடியில் ஓடைத் தண்ணீரில் சிக்கி, இதயம் நின்று, உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியும் பிழைத்தார்.

தாடை விறைத்து, கீழ்ப்பக்கம் ரத்தம் இறங்கிக் கருநீலம் பாய்ந்திருந்தால் நெஞ்சில் கை வைக்க மாட்டோம். தலை துண்டாகியிருந்தாலும் அப்படித்தான். உங்க அப்பா உடம்பு சூடாக இருந்தது, தாடை இளக்கமாக இருந்தது. அதனால்தான் நிமிடத்துக்கு 100, 120 என்று, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கிக்கொண்டே வந்தேன். விலா முறிந்த சத்தம் உங்களுக்கும் கேட்டிருக்கும். சரியாக அமுக்கினாலும் முறியும், தம்பி.

இறந்துவிட்டார் என்று சொல்லும் அதிகாரம் டாக்டருக்குத்தான், எனக்கில்லை. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார், ஈ.சி.ஜி. எடுத்தார். தாளில் நேர்கோடு. இறந்த நேரம் 10.52 என்று சீட்டில் எழுதினார்.

உங்க அத்தை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, அப்பா இறந்த நட்சத்திரத்துக்கு அடைப்பு இருக்கா என்று ஜோசியரிடம் பார்க்க, இறந்த நேரம் கேட்டார். சீட்டில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். அது டாக்டர் பார்த்து முடித்த நேரம். ஜோசியரிடம் இன்னும் போகவில்லை என்றால், அப்பா திண்ணையில் சாய்ந்த நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. அதைப் பார்த்தது நீங்கள்தான்.